தொடுகறிக் கணக்கு: ஒரு கூடைப்பந்து அணியின் பெஞ்ச் எப்படி உருவாகிறது

ஜூன் மாதத்தில் அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏயின் இறுதிச்சுற்று ஆட்டங்கள் நமக்குக் காலை 6 மணிக்குத் தொடங்கும். அமெரிக்கக் கிழக்குக் கரையில் அப்போது இரவு எட்டரை. நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் அதைப் போனில் பார்த்துவிட்டு வேலைக்குக் கிளம்புகிறவர்கள், தோற்ற அணியைப் பற்றிப் பெரும்பாலும் ஒரே தீர்ப்பைத்தான் சொல்வார்கள்: "பெஞ்சுல ஆளே இல்ல மக்கா. நல்லா ஆடுற நாலு பேர எடுத்துப் போட்டா தீர்ந்துச்சுல்லா!"

தீராது. அந்த நாலு பேரை "எடுத்துப் போடுவது" பணம் மட்டும் சார்ந்த வேலையாக இருந்தால் பணக்கார முதலாளி வைத்திருக்கும் அணியே வருடா வருடம் ஜெயிக்கும். பெஞ்சை, அதாவது நட்சத்திரங்களுக்குத் துணையாக ஆடுகிறவர்களை, உருவாக்குகிறவர் ஜெனரல் மேனேஜர், சுருக்கமாக ஜிஎம். களத்தில் யாரை இறக்குவது, எப்போது மாற்றுவது என்பது கோச்சின் வேலை. கோச்சுக்குக் கிடைக்கும் ஆட்கள் யார் யார், என்ன சம்பளத்துக்கு, எத்தனை வருடத்துக்கு என்பதை முடிவு செய்வது ஜிஎம். இந்த இரண்டு வேலைகளையும் போட்டுக் குழப்புவதிலிருந்துதான் பாதித் தவறான விமர்சனம் பிறக்கிறது.

இலையில் தொடங்குவோம்

நம் பக்கத்துக் கல்யாணச் சாப்பாட்டில் பேச்செல்லாம் சாம்பாரைப் பற்றியும் பிரதமன் என்னும் பாயசத்தைப் பற்றியும்தான். ஆனால் இலையைப் பார்த்தால் முக்கால்வாசி இடத்தைப் பிடித்திருப்பவை தொடுகறிகள்: அவியல், எரிசேரி, துவரன், கிச்சடி, பச்சடி, இஞ்சிக்கறி. இவற்றில் ஒன்று ஊசிப்போனாலும் சாப்பிட்டவர் கையைக் கழுவும்போது அதைத்தான் சொல்லுவார்.

சமையலை நடத்தும் தவசுப்பிள்ளையின் நிலையை யோசித்துப் பாருங்கள். கல்யாண வீட்டுக்காரர் கொடுக்கும் தொகை முன்பே முடிவானது. முந்திரி, வெல்லம், தேங்காய்ப்பால் என்று பிரதமனே பெரும்பங்கை விழுங்கிவிடும். மீதியில் பத்துத் தொடுகறியை ஒப்பேற்ற வேண்டும். அதனால் அன்றைக்குச் சந்தையில் எது மலிவாகவும் நன்றாகவும் இருக்கிறது என்று பார்த்து எடுக்கிறார். விலை ஏறப்போகிற காயை இரண்டு நாள் முன்பே சொல்லி வைக்கிறார். சேனையும் வாழைக்காயும் முருங்கைக்காயும் ஒரே அளவாக நறுக்கியிருந்தால்தான் அவியல் சேர்ந்து வேகும் என்பதும் அவருக்குத் தெரியும். ஜிஎம் செய்வதும் இந்த மூன்றும்தான்: விலை ஏறுமுன் வாங்குவது, மலிவிலும் தரம் பார்ப்பது, ஒன்றோடொன்று சேருமா என்று பார்ப்பது.

நட்சத்திர ஆட்டக்காரர்கள் சாம்பாரும் பிரதமனும். இந்தக் கட்டுரை தொடுகறிகளைப் பற்றியது.

240 நிமிடங்களை யார் ஆடுவது

என்பிஏ ஆட்டம் 48 நிமிடம். களத்தில் ஓர் அணிக்கு ஐந்து பேர். ஐந்தை 48-ஆல் பெருக்கினால் 240. ஜிஎம் நிரப்ப வேண்டிய பாத்திரத்தின் கொள்ளளவு இது.

ஓர் அணியில் மூன்று நட்சத்திரங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வழக்கமான பருவத்தில் ஆளுக்கு 34 நிமிடம் ஆடினால் 102 நிமிடம் ஆயிற்று. மீதி 138. அதாவது மூன்று நட்சத்திரம் இருந்தும் பாதிக்கு மேற்பட்ட நேரத்தை மற்றவர்கள்தான் ஆடுகிறார்கள். பிளேஆஃப் எனப்படும் வெளியேற்றச் சுற்றில் நட்சத்திரங்களை 38 நிமிடம் வரை ஓடவிட்டாலும் மீதி 126.

பருவத்துக்கு 82 ஆட்டம். ஒரு நட்சத்திரம் கணுக்கால் பிசகி 12 ஆட்டம் உட்கார்ந்தால் 408 நிமிடம் கூடுதலாகப் பெஞ்சின் தலையில் விழும். சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் 2013-14 பருவத்தில் இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போட்டது. டங்கன், பார்க்கர், ஜினோபிலி என்ற நட்சத்திரங்கள் இருந்த அந்த அணியில் யாருமே சராசரியாக 30 நிமிடம் ஆடவில்லை. 62 ஆட்டம் வென்று, இறுதிச்சுற்றில் மயாமியை 4-1 என்று மடக்கியது. மூத்தவர்களின் கால்கள் ஜூன் மாதத்திலும் தெம்பாக இருந்ததற்குப் பெஞ்ச்தான் காரணம்.

ஆழமான பெஞ்ச் என்றால் பதினைந்து நல்ல பெயர்கள் என்று அர்த்தமில்லை. ஆழம் என்பது, பிளேஆஃப் சுற்றிலும் எதிரணி ஓட்டையாகப் பயன்படுத்த முடியாத ஆட்கள் எத்தனை பேர் என்பது. அந்த எண்ணிக்கை எட்டைத் தொட்டாலே நல்ல அணி. ஒன்பது, பத்து என்றால் அபூர்வம்.

பணம் இருந்தும் வாங்க முடியாதது ஏன்

ஒவ்வோர் அணியும் வருடத்துக்கு இவ்வளவுதான் சம்பளம் கொடுக்கலாம் என்று லீக் ஓர் அளவு வைத்திருக்கிறது. அதற்குச் சம்பள உச்சவரம்பு என்று பெயர். 1984-85-இல் இது தொடங்கியபோது 36 லட்சம் டாலர். 2025-26 பருவத்துக்கு ஏறத்தாழ 15.46 கோடி டாலர்.

இந்த வரம்பு இறுக்கமான சுவர் இல்லை. சில வழிகளில் இதைத் தாண்டலாம், தாண்டாத அணி குறைவு. ஆனால் தாண்டத் தாண்ட அடுத்தடுத்த கோடுகள் வரும். 2025-26-இல் 18.79 கோடியைத் தாண்டினால் ஆடம்பர வரி: தாண்டிய தொகைக்கு ஏற்ப லீகுக்கு அபராதம்போல் கட்ட வேண்டும். 19.59 கோடியில் முதல் ஏப்ரன், 20.78 கோடியில் இரண்டாம் ஏப்ரன். ஏப்ரன் என்பது வெறும் கோடுதான், பெயரைப் பற்றி மெனக்கெட வேண்டாம். வரி பணத்தைப் பிடுங்கும், ஏப்ரன் கையைக் கட்டும். முதலாளிக்குப் பணத்தைவிட இரண்டாவதுதான் வலிக்க வேண்டும் என்பதே 2023-இல் கையெழுத்தான தொழிலாளர் ஒப்பந்தத்தின் நோக்கம்.

கணக்கைப் போட்டால் விளங்கும். பத்து வருட அனுபவமுள்ள நட்சத்திரம் உச்சவரம்பில் 35 சதவீதம் வரை வாங்கலாம், அதாவது சுமார் 5.41 கோடி. அப்படி மூவர் என்றால் 16.24 கோடி. வரிக்கோட்டுக்கு மிச்சம் 2.55 கோடி. மீதிப் பன்னிரண்டு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 21 லட்சம். அனுபவசாலி ஒருவரைக் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு எடுத்தாலே அணியின் கணக்கில் ஏறுவது ஏறத்தாழ 23 லட்சம். ஆக, பன்னிரண்டு பேரையும் அடிமாட்டு விலைக்கு எடுத்தாலும் வரிக்கோட்டைத் தாண்டிவிடும்.

ஃபீனிக்ஸ் சன்ஸ் இதற்கு எழுதி ஒட்டிய உதாரணம். 2023-இல் டுரான்ட், புக்கர், பீல் என்று மூன்று பெருஞ்சம்பளக்காரர்களைச் சேர்த்துவிட்டு மீதியைப் பெரும்பாலும் குறைந்தபட்சச் சம்பளத்தில் நிரப்பினார்கள். 2024 பிளேஆஃபில் மினசோட்டாவிடம் முதல் சுற்றிலேயே 4-0. அடுத்த பருவம் 36 வெற்றி, 46 தோல்வி, பிளேஆஃபுக்கே வரவில்லை. பிரதமன் மூன்று வகை, தொட்டுக்கொள்ள அப்பளம்.

இதுவரை: 240 நிமிடத்தில் பாதிக்கு மேல் துணை ஆட்டக்காரர்களுடையது. பணத்தில் பெரும்பங்கு நட்சத்திரங்களுடையது. ஆகவே துணை ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் தன் சம்பளத்தைவிடக் கூடுதலாக ஆட வேண்டும். அப்படிப்பட்டவர்களைப் பிடிப்பதற்கு என்னென்ன வாசல்கள் உண்டு என்று பார்ப்போம்.

வாசல்கள்

உச்சவரம்பைத் தாண்டிய அணிக்கு ஆள் எடுக்க லீக் அனுமதிக்கும் தனி வழிகளை விதிவிலக்கு என்கிறார்கள். இவற்றில் பெரியது மிட்லெவல். 2025-26-இல் இதன் முழு அளவு 1.41 கோடி டாலர், நான்கு வருடம் வரை ஒப்பந்தம் போடலாம். ஆனால் இதை எடுத்தால் அந்தப் பருவத்தில் முதல் ஏப்ரனைத் தாண்டவே கூடாது. முதல் ஏப்ரனுக்கு மேலே நிற்கும் அணிக்குச் சிறிய மிட்லெவல்தான்: சுமார் 57 லட்சம், இரண்டே வருடம். இரண்டாம் ஏப்ரனைத் தாண்டிவிட்டால் அதுவும் கிடையாது. குறைந்தபட்சச் சம்பளத்துக்கு வருகிறவர்கள் மட்டும்தான்.

இன்னொரு முக்கியமான வழி பேர்ட் உரிமை. பாஸ்டனின் லாரி பேர்ட் பெயரால் வந்தது. ஒரே அணியில் மூன்று வருடம் இருந்தவரை, உச்சவரம்பைப் பற்றிக் கவலைப்படாமல் அந்த அணி மறுபடி ஒப்பந்தம் செய்யலாம். ஒரே வருடம் இருந்தவர் என்றால் பழைய சம்பளத்தில் 120 சதவீதம்தான் உச்சம்.

இது வெறும் சட்டநுணுக்கம் என்று நினைக்க வேண்டாம். 2022-இல் டென்வர் நகெட்ஸ், ப்ரூஸ் ப்ரவுனை அப்போதைய சிறிய மிட்லெவலில், சுமார் 65 லட்சம் டாலருக்கு எடுத்தது. அவர் பந்தைக் கொண்டுபோவார், எதிரணியின் முக்கியக் கார்டை, அதாவது பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துபவரைத், தடுப்பார், கூடைக்கு வெட்டி ஓடுவார். 2023-இல் டென்வர் சாம்பியன். ஒப்பந்தத்தின் இரண்டாம் வருடத்தைத் தொடர்வதும் விடுவதும் ப்ரவுனின் விருப்பமாக இருந்தது. விட்டார். டென்வர் கொடுக்க முடிந்த உச்சம் 78 லட்சம். இந்தியானா இரண்டு வருடத்துக்கு 4.5 கோடி கொடுத்தது. டென்வர் முதலாளிக்கு மனமிருந்ததா இல்லையா என்ற கேள்விக்கே இடமில்லை. சட்டப்படி வாசல் மூடியிருந்தது.

மலிவாக வாங்கிய நல்ல துணை ஆட்டக்காரர் ஒருவர் அதிக நாள் மலிவாக இருக்கமாட்டார். ஒப்பந்தம் போடும் நாளிலேயே அவர் எப்போது கைவிட்டுப் போவார் என்பதும் எழுதப்பட்டுவிடுகிறது. பெஞ்சைக் கட்டும் ஜிஎம் உண்மையில் பார்ப்பது கடிகாரங்களை. ஒருவருக்கு ஒரு வருடம், ஒருவருக்கு இரண்டு, இன்னொருவருக்கு நான்கு. இவை எல்லாம் ஒரே ஜூன் மாதத்தில் மணியடித்தால் அணி ஒரே நாளில் காலியாகும்.

ஆட்கள் எங்கிருந்து வருகிறார்கள்

ஒக்லஹோமா சிட்டி தண்டரை எடுத்துக்கொள்வது வசதி, ஏனென்றால் எல்லா வாசலும் அங்கே ஒரே வீட்டில் தெரியும். 2007 முதல் சாம் ப்ரெஸ்டி ஜிஎம். 2024-25-இல் 68 வெற்றி, 14 தோல்வி. இறுதிச்சுற்றில் இந்தியானாவை ஏழாவது ஆட்டத்தில் வென்று பட்டம்.

முதல் வாசல் டிராஃப்ட். புதிய ஆட்டக்காரர்களை அணிகள் முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும் வருடாந்திரச் சடங்கு, இரண்டு சுற்று. முதல் சுற்றில் எடுக்கப்பட்டவர் நான்கு வருடம் வரை நிர்ணயிக்கப்பட்ட குறைந்த சம்பளத்தில் ஆடுவார். இந்த நான்கு வருடம்தான் லீகிலேயே ஆகப்பெரிய தள்ளுபடி. தண்டர் 2019-இல் பால் ஜார்ஜைக் கொடுத்து, பின்னால் அணியின் நட்சத்திரமான ஷாய் கில்ஜஸ் அலெக்சாண்டரையும் முதல் சுற்று உரிமைகள் ஐந்தையும் வாங்கியது. அந்த உரிமைகளில் ஒன்று 2022-இல் 12-ஆவது இடத்தில் ஜேலன் வில்லியம்ஸ் ஆயிற்று. இரண்டாம் சுற்று உரிமையைச் சில்லறைபோல் வீசுகிற ஜிஎம்கள் உண்டு. தண்டரின் ஆரன் விகின்ஸ் 55-ஆவது, ஜேலின் வில்லியம்ஸ் (ஜேலன் அல்ல, வேறொருவர்) 34-ஆவது. வெளியே பார்த்தால் டென்வரின் நட்சத்திரம் யோகிச் 41, ஸ்பர்ஸின் ஜினோபிலி 57.

இரண்டாம் வாசல் டிராஃப்டில் யாருமே எடுக்காதவர்கள். இவர்களைப் போன்றவர்களுக்கு உதவியாக 2017-இல் டூவே ஒப்பந்தம் வந்தது. ஒருவர் பிரதான அணிக்கும் அதன் ஜி லீக் அணிக்கும், அதாவது பயிற்சி லீகில் ஆடும் கிளைக்கும், மாறி மாறி ஆடுவார். பிரதான அணியில் பதினைந்து முழு ஒப்பந்தம் போக மூன்று டூவே இடம். சம்பளம் புதியவரின் குறைந்தபட்சத்தில் பாதி, உச்சவரம்புக் கணக்கில் சேராது, பிரதான அணிக்கு 50 ஆட்டம் வரை இறங்கலாம். லூ டார்ட் 2019-இல் இப்படி வந்தவர். பட்டம் வென்ற அணியின் முதல் ஐவரில் ஒருவர்.

மூன்றாவது, மற்றவர்கள் கழித்துப்போட்டது. ஐசயா ஜோவை 2022 பருவத் தொடக்கத்தில் ஃபிலடெல்ஃபியா விடுவித்தது. தொலைவிலிருந்து மூன்று புள்ளி எறியத் தெரியும், மற்றதில் சுமார். தண்டருக்குத் தேவைப்பட்டது அந்த ஒன்றுதான். ஸ்பர்ஸின் போரிஸ் டியாவ் கதையும் இப்படியே. 2012-இல் ஷார்லட் விடுவித்தவர், 2014 பட்டத்தில் முக்கியக் கண்ணி. ஓரிடத்தில் சோபிக்காதவர் இன்னோரிடத்தில் சோபிப்பது பெரும்பாலும் திறமை மாறியதால் அல்ல, பக்கத்தில் நிற்கும் நால்வர் மாறியதால்.

நான்காவது டிரேட், பண்டமாற்று. 2024-இல் ஜாஷ் கிடியைச் சிகாகோவுக்குக் கொடுத்து அலெக்ஸ் கருசோவை வாங்கியது தண்டர். கிடி 2021 டிராஃப்டில் ஆறாவது, வயது 21. கருசோ டிராஃப்டாகாதவர், வயது 30. அன்றைக்கு இதைக் கேலி செய்தவர்களும் உண்டு. 2025 மே மாதம் டென்வருக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தில், ஆறடி ஐந்தங்குலக் கருசோ கிட்டத்தட்ட ஏழடி யோகிச்சைத் தடுத்து நின்றார்.

கடைசியாகத்தான் திறந்த சந்தையில் பணத்தைக் காட்டி எடுப்பது. 2024-இல் ஐசயா ஹார்டன்ஸ்டைன், மூன்று வருடத்துக்கு 8.7 கோடி டாலர். மற்றவர்களில் பெரும்பாலோர் மலிவாக இருந்ததால்தான் இந்த ஒரு விலையுயர்ந்த ஆளுக்கு உச்சவரம்புக்குள் இடமிருந்தது. "நாலு பேர எடுத்துப் போட்டா" என்று சொல்கிறவர்கள் கற்பனை செய்வது இந்த ஐந்தாவது வாசலை மட்டும்தான்.

யார் பிளேஆஃபில் தாங்குவார்

இதுதான் விஷயத்தின் மையம், கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

கபடி பார்த்தவருக்கு இது பாதி தெரிந்த சங்கதி. நல்ல ரைடர் கோட்டைத் தாண்டியதும் எல்லாரையும் தொடப் பார்ப்பதில்லை. ஏழு பேரில் பிடி தளர்ந்தவர் யார், எந்த மூலை நடுங்குகிறது என்று பார்த்து அங்கேயே திரும்பத் திரும்பப் போவார். பிளேஆஃபில் ஒரே எதிரணியோடு ஏழு ஆட்டம் வரை மோத வேண்டும். நான்கு ஆட்டத்துக்குள் நடுங்கும் மூலையை எதிரணி கண்டுபிடித்துவிடும்.

கூடைப்பந்தில் அந்த வேட்டை இப்படி நடக்கிறது. பந்து எதிரணி நட்சத்திரத்தின் கையில். அவரைத் தடுத்து நிற்பவர் உங்கள் அணியின் நல்ல தடுப்பாளர். உங்கள் அணியில் தடுப்பு பலவீனமானவர் வேறு யாரையோ காவல் காத்துக்கொண்டிருக்கிறார். அந்த "வேறு யாரோ" ஓடிவந்து, நல்ல தடுப்பாளரின் பாதையில் மரம்போல் நிற்பார். இதற்கு ஸ்கிரீன் என்று பெயர். மரத்தில் மோதிய நல்லவரால் உடனே தொடர முடியாது. இருவரும் ஆளை மாற்றிக்கொள்ள வேண்டியதாகிறது, அது ஸ்விட்ச். இப்போது நட்சத்திரத்துக்கு எதிரே நிற்பது உங்கள் பலவீனமானவர். அடுத்த முறையும் இதே. அதற்கடுத்த முறையும் இதே. வழக்கமான பருவத்தில் 15 புள்ளி எடுத்துக்கொண்டிருந்த பெஞ்ச் ஆட்டக்காரர் மே மாதத்தில் களத்துக்கே வராமல் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ரசிகர்கள் கோச்சைத் திட்டுவார்கள்.

இதற்கு நேர்மாறான ஓட்டையும் உண்டு. தடுப்பில் புலி, ஆனால் எறியத் தெரியாது. மூன்று புள்ளி எறிதலில் 36 சதவீதம் விழுந்தால் எறிதல் ஒன்றுக்கு 1.08 புள்ளி. இரண்டு புள்ளி எறிதல் பாதி விழுந்தால் 1.00. மூன்று புள்ளியில் 30 சதவீதம் என்றால் 0.90. எனவே 30 சதவீதக்காரரை எதிரணி தனியாக விட்டுவிடும். "எறி, எறி" என்று வழிவிட்டு, அவரைக் காக்க வேண்டியவர் உள்ளே போய் உங்கள் நட்சத்திரத்தின் வழியை அடைத்துக்கொள்வார். ஒருவருக்கு எறியத் தெரியாதது அவருடைய குறையாக மட்டும் நிற்பதில்லை, நட்சத்திரத்தின் வேலையையும் கெடுக்கிறது. மூலையிலிருந்து மூன்று புள்ளிக் கோடு 22 அடி, நேர் எதிரே 23 அடி 9 அங்குலம். மூலையிலிருந்தாவது போடத் தெரிந்தவரை ஜிஎம் தேடுவது இந்த ஒன்றேமுக்கால் அடிக்காகத்தான்.

ஆகவே துணை ஆட்டக்காரரைப் பார்க்கும்போது "எத்தனை புள்ளி எடுப்பார்" என்பது மூன்றாவது கேள்வி. முதல் கேள்வி, வேட்டையாடினால் தாங்குவாரா. இரண்டாவது, தனியாக விட்டால் எதிரணிக்கு வலிக்குமா. இரண்டுக்கும் ஆமென்று பதில் வருகிறவர் சராசரிக்கு எட்டுப் புள்ளி எடுத்தாலும் போதும்.

பிளஸ் மைனஸ் என்ற எண்ணை நம்பி ஏமாறுகிறவர்களும் நிறையப் பேர். ஒருவர் களத்தில் இருந்த நேரத்தில் அணி எத்தனை புள்ளி முன்னேறியது அல்லது பின்தங்கியது என்பதைக் காட்டும் எண் இது. பயனுள்ளதுதான். ஆனால் ஒரு பெஞ்ச் ஆட்டக்காரர் ஷாய் போன்ற ஒருவரோடு 12 நிமிடம் நின்றாலே அவருடைய எண் பளபளக்கும். பல கோச்சுகள் நட்சத்திரங்களை ஒரே நேரத்தில் உட்கார வைப்பதில்லை. ஒருவர் ஓய்வெடுக்கும்போது இன்னொருவர் பெஞ்சோடு நிற்பார். எனவே ஜிஎம் கேட்க வேண்டியது, "பெஞ்சோடு நிற்கப்போகிற அந்த ஒரு நட்சத்திரத்துக்கு இவர் பொருந்துவாரா" என்பதே. பந்தைத் தானே வைத்திருக்கும் நட்சத்திரம் என்றால் எறிபவர்கள் வேண்டும். கூடைக்கடியில் நிற்கும் உயரமானவர் என்றால் பந்தை அவரிடம் சரியாகச் சேர்க்கும் கார்டு வேண்டும்.

இந்தப் பகுதியின் சாரம்: பெஞ்சில் தேடுவது திறமையின் உச்சத்தை அல்ல, ஓட்டையின் இன்மையை. ஓட்டை எது என்பதை எதிரணி தீர்மானிக்கும். பொருத்தம் எது என்பதை உங்கள் நட்சத்திரம் தீர்மானிக்கும்.

கெட்டுப்போகும் இடங்கள்

ஒரு நல்ல ஏப்ரல் மாதத்துக்கு நான்கு வருடச் சம்பளம் கொடுப்பது பழைய நோய். இரண்டு வாரம் எறிந்ததெல்லாம் விழுந்த ஆட்டக்காரருக்கு மிட்லெவல் முழுவதையும் கொட்டிவிட்டு, அடுத்த வருடம் அவர் தன் பழைய 34 சதவீதத்துக்குத் திரும்பும்போது கையைப் பிசைவார்கள். இரண்டு வார எறிதல் என்பது நூறு, நூற்றிருபது எறிதல்கூட இருக்காது. மூன்று பருவத்தின் ஆயிரத்தை வைத்துப் பார்ப்பதே நியாயம்.

அதைவிட நுட்பமான தவறு, நடுத்தரச் சம்பளமே இல்லாத அணியைக் கட்டுவது. உச்சவரம்பைத் தாண்டிய அணி டிரேட் செய்யும்போது, கொடுக்கும் சம்பளமும் வாங்கும் சம்பளமும் ஏறத்தாழ ஈடாக வேண்டும். ஒரு கோடி, ஒன்றரைக் கோடி வாங்கும் ஒருவர் அணியில் இருந்தால் அவரைக் கொடுத்து அதே அளவு சம்பளக்காரரைக் கொண்டுவரலாம். எல்லாரும் ஐந்து கோடி அல்லது இருபது லட்சம் என்றால் மாற்றுவதற்குச் சில்லறையே இல்லை. இரண்டாம் ஏப்ரனுக்கு மேலிருந்தால் இரண்டு மூன்று சம்பளத்தைக் கூட்டி ஒரு பெரிய சம்பளத்துக்கு ஈடாக்கவும் முடியாது. சன்ஸ் சிக்கிக்கொண்டது இந்தக் கண்ணியில்தான். சில ஜிஎம்கள் துணை ஆட்டக்காரருக்குச் சந்தை விலையைவிடச் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பது முட்டாள்தனமாகத் தெரியும், ஆனால் அந்த ஒப்பந்தம் நாளைய டிரேடுக்கான நோட்டு.

ஒரே வகை ஆட்கள் குவிவது, பந்தில்லாமல் ஆடத் தெரியாத மூன்று கார்டுகளை வைத்துக்கொள்வது, பன்னிரண்டு பேருக்கும் 25 நிமிடம் தருவதாக வாய்வார்த்தை கொடுத்துவிட்டு டிசம்பரில் முகங்கள் தொங்குவது, இவையெல்லாம் வழக்கமானவை. பட்டம் வென்ற அணிக்கு வருவது வேறு வகைச் சிக்கல். தண்டர் 2025 ஜூலையில் தன் இளம் நட்சத்திரங்களான ஜேலன் வில்லியம்ஸுக்கும் செட் ஹோம்கிரெனுக்கும் பெரிய ஒப்பந்தங்கள் போட்டுவிட்டது. சுமை 2026-27-இல் தொடங்குகிறது. அதற்குள் விகின்ஸ், ஜோ போன்றவர்களின் இடத்துக்கு அடுத்த விகின்ஸையும் ஜோவையும் தயார் செய்திருக்க வேண்டும். கையிருப்பில் உள்ள டிராஃப்ட் உரிமைகளை நட்சத்திரத்துக்காக மட்டும் சேர்த்ததாக நினைப்பது தவறு. மலிவான தொடுகறி வந்துகொண்டே இருக்க வேண்டும் என்பதற்கும்தான்.

வருடத்தின் சில தேதிகள்

ஜூன் கடைசியில் டிராஃப்ட். ஜூன் 30 மாலை வெளிச்சந்தைப் பேரம் தொடங்கும். முதல் சில மணி நேரத்தில் மிட்லெவல் விலையுள்ளவர்கள் பறந்துவிடுவார்கள். பொறுமைசாலி ஜிஎம் ஜூலை நடுவில் வருவார், அப்போது குறைந்தபட்சச் சம்பளத்துக்கு ஆட்கள் இறங்கியிருப்பார்கள். கோடையில் 21 பேர் வரை வைத்துக்கொள்ளலாம், பருவம் தொடங்கும்போது 15 முழு ஒப்பந்தமாகக் குறைக்க வேண்டும். ஐசயா ஜோ போன்றவர்கள் விழுவது இந்த அக்டோபர் சல்லடையில்தான். அந்த வாரம் மற்ற அணிகளின் கழிவுப் பட்டியலைக் கண்கொட்டாமல் பார்க்கிற அலுவலகங்கள் உண்டு.

டிசம்பர் 15 முதல், கோடையில் ஒப்பந்தமானவர்களில் பெரும்பாலோரை டிரேடில் சேர்க்கலாம். டிரேட் பேச்சு சூடுபிடிப்பது அப்போதுதான். ஜனவரி 5 முதல் பத்து நாள் ஒப்பந்தம் கிடைக்கும்: ஒருவரைப் பத்து நாள் ஆடவைத்துப் பார்க்கலாம், ஒரே அணியில் இரண்டு முறை வரை. பிப்ரவரியில் டிரேட் கதவு மூடும். மார்ச் 1-க்குள் பழைய அணியிலிருந்து விடுபட்டவர் மட்டுமே புதிய அணிக்காகப் பிளேஆஃப் ஆடலாம்.

பிறகும் ஒரு சிறு வழி இருக்கிறது. டூவே ஒப்பந்தக்காரர் பிளேஆஃபில் ஆடக்கூடாது. வழக்கமான பருவம் முடிவதற்குள் அவருடைய ஒப்பந்தத்தை முழு ஒப்பந்தமாக மாற்றினால் ஆடலாம். பதினைந்தாவது நாற்காலி காலியாக இருந்தால்தான் அது நடக்கும். விவரமான ஜிஎம்கள் பிப்ரவரி, மார்ச் முழுதும் பதினான்கு பேரோடு ஓட்டிவிட்டு அந்த நாற்காலியைத் துணி போட்டு வைத்திருப்பதைப் பார்க்கலாம். அணியின் பெயர்ப்பட்டியலில் ஒரு வரி வெற்றிடமாகத் தெரியும். கஞ்சத்தனம் என்று சிலர் சொல்வார்கள். ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் அந்த வரியில் யார் பெயர் வருகிறது என்று பாருங்கள்.